சாரலில் காயாத கண்கள்

இதைச் சொல்கிறவன் பெயர் துல்கர்னைன். வயது இருபத்துநாலு. ஊர் தென்காசி, இப்போது வேலைக்கு வந்து இருப்பது அரபு நாட்டுத் தம்மாமில், ஆறு பேர் படுக்கிற அறைக்கு வெளியே படிக்கட்டில். அவன் வாயால் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது. தங்கை அலிமாவின் கல்யாணத்துக்காக வீட்டு மாடியைக் காலி செய்து வெள்ளையடிக்கப் போகிறோம் என்று உம்மா நேற்றுப் பேசும்போது சொன்னாள். அங்கே சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த பழைய படத்தையும் பிரித்துப் பார்த்தாளாம், அதற்கு எதிரே இருக்கிற கண்ணாடியை அலிமாவின் அறைக்கு இறக்கப் போகிறாளாம். படத்துப் பொம்பளை ஈரக் கண்ணோடு பார்க்கிறாள், பார்க்கவே பாவமாக இருக்கிறது என்றாள். அப்போதிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் படத்தின் கதை வாப்பாவுக்குத் தெரியும். அவருக்கு அவருடைய வாப்பா ஹபீபுல்லா சொன்னது. ஹபீபுல்லாவுக்குப் படம் எழுதிய வல்லிநாயகமே தன் வாயால் சொன்னது. வாப்பா இப்போது இல்லை. அதனால் இவன்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, ஆடி மாதம். குற்றால மலையிலிருந்து இறங்கும் சாரல் தென்காசித் தெருக்களில் நாள் முழுக்கப் புகைபோல நகர்ந்துகொண்டிருந்தது. கொடியில் போட்ட வேட்டி காயாமல் புளித்த வாடை அடித்தது, தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் வழண்டு வந்தது, மொட்டைக் கோபுரத்தின் பிளவுக்குள்ளிருந்து புறாக்கள் வெளியே வரவே இல்லை. அப்படி ஒரு மத்தியானத்தில் வல்லிநாயகம் தன் வீட்டு முன்னறையில், ஜமுக்காளத்தைப் பிரித்து வைத்த படத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து, சுண்டுவிரலால் அதைத் தொட்டுப் பார்த்தான். எண்ணெய்ச் சாயம் காய்ந்ததா என்று பார்க்க அவன் தொடுவது எப்போதும் சுண்டுவிரலால்தான்.

நெற்றி காய்ந்திருந்தது. கன்னம் காய்ந்திருந்தது. புடவைக் கரை புளியங்கொட்டைபோல இறுகியிருந்தது. கண்ணைத் தொட்டான். விரல் நுனியில் கறுப்பு ஒட்டியது, நேற்றுத்தான் எழுதியதுபோல.

அது குற்றாலத்தில் அருவிக்குப் போகிற ரோட்டில் லாட்ஜ் வைத்திருந்த அகிலாண்டத்தின் படம். அவர் சித்திரையில் இறந்தார். வல்லிநாயகம் வைகாசி வெயிலில் உட்கார்ந்து எழுதி, ஆனி பிறக்கும் முன்பே கொடுத்துவிட்டான். இப்போது அவருடைய மகன் ஹரிஹரசுப்பிரமணியன் குதிரை வண்டியில் கொண்டுவந்து இறக்கியிருந்தான்.

“எல்லாம் காஞ்சிட்டு அண்ணாச்சி, கண்ணு மட்டும் காயல. துடைச்சா துணியில ஒட்டுது, மறுநாளு பாத்தா அப்படியே இருக்கு. அம்மா அழுதாவன்னு வீட்டுப் பொம்பளையாளுவ அந்தப் பக்கமே போக மாட்டேங்காவ.”

சாரல் காலம், ஈரக்காற்று, எண்ணெய் கொஞ்சம் கூடியிருக்கும் என்று ஏதேதோ சமாதானம் சொல்லி வல்லிநாயகம் அவனை அனுப்பி வைத்தான். வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. அடுக்களையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி வடிவம்மாள், தலையைத் தூக்காமலேயே கேட்டாள், அது குற்றாலத்து அம்மா படம்தானே என்று. ஆமாம் என்றான்.

“அங்க அடுக்களைக்கு நீலம் அடிச்சிருக்காவல்லா. கண்ணே கூசுது.”

மகன் சொல்லியிருப்பான் என்று முதலில் நினைத்துக்கொண்டான். பிறகுதான் தோன்றியது, வந்தவன் முன்னறையைத் தாண்டவே இல்லை. அடுக்களையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வடிவம்மாள் கல்யாணமாகி வந்ததிலிருந்து குற்றாலத்தில் அருவியைத் தவிர வேறெங்கும் போனதும் இல்லை.

*

வல்லிநாயகத்தின் கை சிறு வயதில் வில்வண்டிகளின் பக்கப் பலகையில் கிளியும் தாமரையும் எழுதித் தொடங்கிய கை. பிறகு கடைகளுக்கு போர்டு எழுதியது. பிறகு செங்கோட்டைக்குப் போனது. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமை. அங்கே ஒரு படப் பட்டறையில் பெரிய மனிதர்களின் உருவங்களை எண்ணெய்ச் சாயத்தில் எழுதினார்கள். ஒருவன் வானம் எழுதுவான், ஒருவன் பட்டு மடிப்பு, ஒருவன் நகை. வல்லிநாயகத்துக்குக் கொடுத்தது கையும் கழுத்தும். சதை எப்படிச் சதையாகிறது, தோலுக்கு அடியில் பச்சை எங்கே ஓடுகிறது என்பதை அங்கே கற்றான்.

கண் மட்டும் பட்டறை முதலாளி எழுதுவார். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு, படத்துக்கு நேர் எதிரே ஆளுயரக் கண்ணாடி ஒன்றை நிறுத்தி வைத்து, தான் ஓரமாக ஒதுங்கி நின்று எழுதுவார். கோயில் சிலைக்குக் கண் திறக்கிறபோது செய்கிற அதே முறை. திறந்த கண்ணின் முதல் பார்வை கண்ணாடியில் விழ வேண்டும். மனுஷர் மேல் விழக்கூடாது. சிலைக்குச் சரி, மிராசுதார் படத்துக்கு எதற்கு இதெல்லாம் என்று வல்லிநாயகம் உள்ளுக்குள் சிரித்ததுண்டு. ஆனாலும் பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டது. பட்டறை மூடியபோது அந்தக் கண்ணாடியை, பர்மா தேக்குச் சட்டம் போட்டது, கேட்டு வாங்கித் தென்காசிக்குக் கொண்டு வந்தான்.

சீசன் முடிந்து குற்றாலம் வெறிச்சோடும் மாதங்களில் சித்திர சபைக்குள் போய் உட்கார்ந்து, சுவரெல்லாம் எழுதியிருக்கிற பழைய சாமி ஓவியங்களைப் பார்த்துப் பார்த்துக் காகிதத்தில் எழுதுவான். பச்சிலைச் சாயத்து முகங்கள். நிழல் கிடையாது, மேடு பள்ளம் கிடையாது. நெற்றியில் தொடங்கி முகவாய் வரை நடுங்காமல் போகிற ஒரே கோடு. சதையைச் செங்கோட்டையில் கற்றான் என்றால் கோட்டினை இங்கே கற்றான்.

மீதியைக் கற்றது ஹபீபுல்லாவின் போட்டோ ஸ்டூடியோவில். அந்தக் காலத்தில் பல வீடுகளில் ஒரு மனுஷருக்கு எடுக்கிற முதல் போட்டோவே அவர் இறந்த பிறகு எடுப்பதுதான். ஹபீபுல்லா பெட்டியையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு போவார். இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, தலை சாயாமல் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, படம் எடுத்து வருவார். மூடிய கண்கள். வல்லிநாயகம் அதைப் பெரிதாகத் துணியில் எழுதி, கண்ணைத் திறந்துவிட வேண்டும். திறந்துவிடுவது என்றுதான் தொழிலில் சொல்வார்கள்.

அவன் எழுதிய கண்கள் கோலிக்குண்டு மாதிரி இருந்தன. சதை இருந்தது, கோடு இருந்தது, பார்வை இல்லை. ஹபீபுல்லா ஒவ்வொரு படத்தையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

“அவுக ஒரு தடவ செத்தது போதாதாலே? நீ வேற மறுபடியும் கொல்லுதியே.”

இன்னொரு நாள், வேறொரு கிண்டல்: “படம் வரஞ்சவன்ட்ட மறுமையில, இதுக்கு உசுரு குடுன்னு கேப்பாங்களாம்லே. எனக்குப் பயமில்ல, நான் பெட்டிக்குள்ள பிடிச்சுப் போடுதவன். உன் பாடுதான்.”

அந்தப் பேச்சு வல்லிநாயகத்தின் நெஞ்சில் முள்ளாக நின்றது. அதற்கப்புறம்தான், மூன்று வருஷத்துக்கு முந்திய ஒரு சாரல் நாளில், வீரகேரளம்புதூர்ப் பெரியவர் ஒருவரின் படத்துக்குக் கண் எழுத உட்கார்ந்தபோது, கண்ணாடியில் ஈரம் படிந்து மங்கிப் போனது. துடைத்தான், அடுத்த நிமிஷமே ஈரம் படர்ந்தது. மறுபடி துடைத்தான். விடிந்தால் நாற்பதாம் நாள் சடங்கு. படம் போயாக வேண்டும். சுக்குக் காப்பி கொண்டு வந்த வடிவம்மாளைப் பார்த்தான். “ஏளா, இங்கன கொஞ்ச நேரம் உக்காரு” என்று கண்ணாடியைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, படத்துக்கு எதிரே அவளை உட்கார வைத்தான். அவள் கண்ணைப் பார்த்தான். அதன் வடிவத்தை அல்ல. அதற்குள்ளிருந்து வருகிற பார்வையை. எழுதினான்.

மறுநாள் வீரகேரளம்புதூரில் துணியை விலக்கியதும், அந்த வீட்டு ஆச்சி எழுந்து நின்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். புருஷன் முன்னால் நிற்கிறபோது நிற்கிற மாதிரி. வந்துட்டாவ, என்றாள்.

அதோடு பேர் பரவியது. சுரண்டை, திருவேங்கடம், கடையநல்லூர் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். கண்ணாடியின் மேல் வல்லிநாயகம் சட்டையைத் தொங்கப் போட்டான். கண் எழுதுகிற நாளெல்லாம் வடிவம்மாள் எதிரே உட்கார்ந்தாள். “செத்தவுகளையே எழுதுதீயளே, என்னையும் ஒருக்கா எழுதினா என்ன” என்று கேட்பாள். எழுதுவோம் எழுதுவோம் என்பான். எழுதவில்லை. உட்கார்ந்து எழுந்த நாட்களில் அவளுக்குத் தலை கனக்கும், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படுத்துக்கொள்வாள். விளக்கு வெளிச்சம் ஆகவில்லை போல என்று அவனும் நினைத்தான்.

*

படம் திரும்பி வந்த பிறகு அவன் அவளைக் கவனிக்கத் தொடங்கினான். கவனிக்காமலேயே இருந்திருக்கலாம் என்று பின்னால் ஹபீபுல்லாவிடம் சொன்னான்.

சாதத்தின் மேல் ஊற்ற வேண்டிய குழம்பை இலைக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் ஊற்றினாள். நிலைப்படியில் இடித்துக்கொண்டாள், தினமும் தாண்டுகிற நிலைப்படி. அரிக்கேன் விளக்கை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது அவள் கண் சுருங்கவில்லை. ஆனால் வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கையில் முகம் மாறிக்கொண்டே இருந்தது. எதையோ பார்த்துச் சிரித்தாள், எதற்கோ முகம் சுளித்தாள், ஒருமுறை பதறி எழப் போனவள்போல முட்டியில் கையூன்றினாள்.

“சுரண்டையில மழையே இல்ல” என்றாள். “பிள்ளைய வெயில்ல விட்டுட்டு அவ பாட்டுக்குத் தூங்குதா.”

எப்படித் தெரியும் என்று அவன் கேட்டான்.

“பாக்கேன்லா” என்றாள், இது என்ன கேள்வி என்பதுபோல.

மறுநாள் அவன் குற்றாலத்துக்கு பஸ் ஏறினான். ஜன்னலோரத் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டு வந்தது. லாட்ஜின் பின்கட்டில், சீசனுக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற பேச்சிமுத்து, ஒரு செட்டியாரின் முதுகைப் பிசைந்துகொண்டிருந்தான். அவனைத் தாண்டி அடுக்களை தெரிந்தது. நீலம். கண்ணைக் கூசுகிற நீலம்.

வல்லிநாயகம் படத்தைப் பற்றி விசாரித்தான். பேச்சிமுத்து சிரித்தான். படம் போனதிலிருந்துதான் நிம்மதியாக வேலை நடக்கிறது என்றும், அந்த அம்மா உயிரோடு இருந்தபோதுகூட இவ்வளவு பார்த்ததில்லை என்றும் சொன்னான். அடுக்களைக் கதவைத் திறந்து போட்டால் அவருக்கு ஆகாது. பூனை வரும், ஆள் வரும் என்று நாள் முழுக்க அந்தக் கதவையே பார்த்து வைதுகொண்டிருப்பாராம். படத்திலும் அப்படியே கதவைத்தான் பார்த்தாராம். பிறகு அவன் கையை நிறுத்தினான். எண்ணெய் வழியும் விரல்களைப் பார்த்துக்கொண்டே, குரலை இறக்கினான்.

“சிரிக்கக் கூடாது அண்ணாச்சி. மத்தியானம் சாப்பாடு ஆனதும் கொஞ்ச நேரம் படம் கண்ண மூடிரும். பெறவு தொறந்துக்கிடும். நான் யாருட்டயும் சொல்லல.”

வல்லிநாயகம் சிரிக்கவில்லை. வடிவம்மாள் மத்தியானம் சாப்பிட்டதும் முந்தானையை விரித்துச் சற்று நேரம் கண்ணயர்வாள். கல்யாணமான நாள் முதல் உள்ள வழக்கம்.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் கால்கள் தாமாகச் சித்திர சபைக்குள் நுழைந்தன. உள்ளே ஒரு ஆள் இல்லை. ஓட்டின் மேல் சாரல் மணல் தூவுவதுபோலக் கேட்டது. கல்லிலிருந்து குளிர் உள்ளங்காலில் ஏறியது. வௌவால் எச்சமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை. எத்தனையோ மாதங்கள் உட்கார்ந்து எழுதிய அதே முகங்கள். அன்றைக்குத்தான் அவன் அதைக் கண்டான். சுவரில் இருந்த எந்தக் கண்ணும் தன்னைப் பார்க்கவில்லை. அவை ஒன்றையொன்று பார்த்தன, ஆடுகிற சாமியைப் பார்த்தன, தங்கள் உலகத்துக்குள்ளேயே பார்த்தன. வெளியே நிற்கிற மனுஷன் மேல் ஒரு பார்வைகூட விழாதபடி எழுதி வைத்திருந்தார்கள். கோடு இழுக்கக் கற்றுக்கொண்டவன் இதைக் கற்கவில்லை. கண்ணெதிரே சுவர் முழுக்க எழுதியிருந்ததை விட்டுவிட்டு, தன் வீட்டுக்காரியின் கண்ணிலிருந்து எடுத்து எடுத்து ஊரெல்லாம் கொடுத்திருக்கிறான்.

*

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், சாயம் வழிக்கிற தகட்டுக் கத்தியை எடுத்தான். அகிலாண்டத்தின் கண்கள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால், அடுக்களைப் பக்கம் பார்த்தன. முதலில் இடது கண். சாயம் வெண்ணெய் மாதிரி சுருண்டு வந்தது. பிறகு வலது.

அடுக்களையில் பாத்திரம் விழுந்து உருண்டது.

“விளக்கு அணைஞ்சிட்டா?” என்று வடிவம்மாள் கேட்டாள்.

பகல். அவள் ஜன்னலுக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தாள்.

அவன் ஓடிப்போய் அவளைப் பிடித்தான். கை சில்லென்று இருந்தது. ஒரு ஜன்னலை யாரோ சாத்திவிட்டார்கள், மற்றதெல்லாம் திறந்துதான் இருக்கிறது என்றாள். அவனைப் பார்க்கவில்லை, அவன் குரல் வந்த பக்கம் காதைத் திருப்பினாள். அப்போது அவனுக்கு எல்லாம் புரிந்தது. எத்தனை வீட்டில் அவள் கண் தொங்குகிறதோ அத்தனை வீட்டில் அவள் பார்க்கிறாள். இங்கே மிச்சம் இல்லை. ஒவ்வொன்றாகச் சுரண்டினால் ஒவ்வொன்றாக அணையும். சுரண்டாமல் விட்டால் அவள் திரும்பி வரமாட்டாள்.

அவளை முன்னறை நாற்காலியில் உட்கார வைத்தான். கையைப் பிடித்துக்கொண்டே இருந்தான். வெளியே சாரல், ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டு, எங்கோ ஒரு மாட்டு மணி. நெடுநேரம். பிறகு அவன் பிடியிலிருந்த கையின் கனம் மாறியது. விரல்கள் நிமிர்ந்தன. அவள் தலையைத் திருப்பினாள், தோள் அசையாமல், தலையை மட்டும். அடுக்களைக் கதவைப் பார்த்தாள்.

“தொறந்து போட்டுட்டுப் போயிருக்கான் பாரு. பூனை வரும்லா.”

வடிவம்மாளின் வாய். அவள் குரல்கூட. ஆனால் அவள் ஒரு நாளும் யாரையும் அப்படிப் பேசியதில்லை.

வல்லிநாயகம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். சாத்தியதும் அந்தப் பார்வை அவன் மேல் திரும்பி, திருப்தியாக நின்றது. அவனுக்கு அந்த முகம் தெரியும். எழுதியவனாயிற்றே.

*

ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. அவளை எழுதுவது. அவள் கேட்டுக் கேட்டு அவன் தள்ளிப்போட்ட படம். அவளுடைய கண்ணை அவளுடைய முகத்திலேயே எழுதி, எதிரே கண்ணாடியை வைத்து, முதல் பார்வை அதில் பட்டு அவளுக்கே திரும்பட்டும்.

கண்ணாடி மேல் தொங்கிய சட்டையை எடுத்தெறிந்தான். ஆடி முடியும்வரை எழுதினான். கடைசி நாளன்று ஹபீபுல்லா வந்தார். படத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார். அதுமாதிரிப் படம் தென்காசியில் யாரும் எழுதியதில்லை என்று சாகும்வரை சொன்னார். கழுத்தும் கையும் செங்கோட்டை. நெற்றியிலிருந்து இறங்கும் கோடு சித்திர சபை. கன்னத்தில் விழும் வெளிச்சம் அவர் ஸ்டூடியோ ஜன்னலின் வெளிச்சம். எல்லாம் இருந்தது. கண்ணின் இடத்தில் மட்டும் வெறும் துணி.

“கண்ணு எப்பம்லே?” என்று கேட்டார். இன்றைக்கு, என்றான்.

அவர் போனதும் கண்ணாடியைத் துடைத்துப் படத்துக்கு நேரே நிறுத்தினான். வடிவம்மாளை நாற்காலியில் உட்கார வைத்தான். சாப்பாடு முடிந்த நேரம். ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். சாயத்தில் கலக்கிற ஆளி எண்ணெயின் வாடை அறை முழுக்க நின்றது. தூரிகையில் கறுப்பைத் தொட்டுக்கொண்டு, கை தூக்கி, அவள் கண் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான்.

வரவில்லை.

இத்தனை வருஷம் பார்த்த கண். இத்தனை படத்தில் எழுதிய கண். மனதில் தேடினான். வீரகேரளம்புதூர்ப் பெரியவர் வந்தார். அகிலாண்டம் வந்தார். கடையநல்லூர் வாத்தியார் வந்தார். அவள் வரவில்லை. எடுத்தபோதெல்லாம் அவன் அவளைப் பார்க்கவில்லை. எடுப்பதை மட்டும் பார்த்திருக்கிறான்.

“வடிவு. என்னப் பாரேன்.”

நிமிர்ந்து பார்த்தாள். அகிலாண்டம்.

குனிந்தான். மறுபடி நிமிர்ந்தான். வீரகேரளம்புதூர்ப் பெரியவர், புருவம் தூக்கி, மிடுக்காக.

குனிந்தான். நிமிர்ந்தான். சுரண்டையில் காய்ச்சலில் போன சின்னப் பெண். பயந்த பார்வை. அம்மாவைத் தேடுகிற பார்வை.

குனியவில்லை. மாறிக்கொண்டே இருந்தது. இமைக்காமல். ஒன்றன்மேல் ஒன்றாக.

“நீ எங்கட்டி இருக்க?” என்றான். அழுதான்.

“எல்லா வீட்டுலயும் இருக்கேன்லா” என்றாள். அது அவள்தான். ரொம்பத் தொலைவிலிருந்து. “இங்கனதான் இருட்டா இருக்கு.”

சாரல் நின்றது. ஓட்டுச் சொட்டு நின்றது. மாட்டு மணி இல்லை. அறையில் அவன் மூச்சு மட்டும்.

“கண்ணாடிய இங்கிட்டுத் திருப்பு” என்றாள். இது வடிவம்மாள் இல்லை. “நாங்களும் பாக்கணும்லா.”

தூரிகை விழுந்தது. எடுக்கவில்லை. அவள் பக்கம் நடந்தான். நான்கடி. நாற்காலி முன்னால் மண்டியிட்டான். பழக்கம். வேறெதுவும் செய்யத் தெரியாத கை. சுண்டுவிரலை நீட்டினான்.

நெற்றியைத் தொட்டான். காய்ந்திருந்தது.

கன்னம். காய்ந்திருந்தது.

கண்ணைத் தொட்டான்.

அவள் இமைக்கவில்லை. விரலை எடுத்தான். நுனியில் கறுப்பு. ஈரக் கறுப்பு.

*

கண்ணாடியையும் வடிவம்மாளின் படத்தையும் ஹபீபுல்லா வண்டியில் ஏற்றி வந்து, தன் வீட்டு மாடியில் எதிரெதிரே வைத்தார். அப்படித்தான் வைக்க வேண்டும் என்று வல்லிநாயகம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். ஜமாஅத்தில் சிலர் முகம் சுளித்தும் அவர் எடுக்கவில்லை. சாக்கைப் போட்டு மூடி அறையைப் பூட்டினார். வல்லிநாயகம் அதற்குப் பிறகு தூரிகையைத் தொடவில்லை. வடிவம்மாள் என்ன ஆனாள் என்பது வாப்பாவுக்கும் தெரியாது. அந்தப் படத்துக்கு அவன் கண் எழுதவே இல்லை. வாப்பா சின்ன வயதில் சாக்கைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். கண்ணின் இடத்தில் வெறும் துணிதான் என்று துல்கர்னைனிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இதை வீட்டில் யார் முதலில் படித்தாலும் உம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். மாடிக்கு வெள்ளையடிக்க வேண்டாம். படத்துக்கு எதிரே இருக்கிற பழைய கண்ணாடியை அலிமாவின் அறைக்கு இறக்க வேண்டாம். ஏற்கெனவே இறக்கியிருந்தால், யாரும் அந்தப் படத்துக்கு நேரே போய் நிற்காமல், பக்கவாட்டில் நடந்து போய், அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.